ஜிண்டபைன் படம் பார்த்தவர்கள் வாங்க: அந்த நாலு பேர் செய்தது அவ்வளவு பெரிய தப்பா? (ஸ்பாய்லர் உண்டு)

கூகை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ரே லாரன்ஸ் இயக்கி 2006-இல் வந்த ஜிண்டபைன் என்ற ஆஸ்திரேலியப் படத்தை நேற்றுதான் பார்த்தோம். படம் முடிந்த நிமிஷத்திலிருந்து எனக்கும் வீட்டம்மாவுக்கும் வாக்குவாதம். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, அதனால் இங்கே கொண்டு வந்துவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஸ்னோயி மலைப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர் ஜிண்டபைன். அங்கே கார் பட்டறை வைத்திருக்கிறவன் ஸ்டூவர்ட் (கேப்ரியல் பர்ன்), அயர்லாந்துக்காரன். அவனும் கார்ல், ராக்கோ, பில்லி என்கிற மூன்று கூட்டாளிகளும் வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்குள் நடந்து போய் மீன் பிடித்துவிட்டு வருவது வழக்கம். இந்தத் தடவை போய் இறங்கியதும் ஆற்றில் ஒரு இளம்பெண்ணின் உடல் மிதக்கிறது. பூர்வகுடிப் பெண், பெயர் சூசன், யாரோ கொன்று வீசியிருக்கிறான். இவர்கள் அவள் காலில் தூண்டில் நரம்பைக் கட்டி, உடல் ஆற்றோடு போகாதபடி கரையோரம் நிறுத்திவிட்டு, மறுநாள் மீன் பிடிக்கிறார்கள், பிடித்த மீனோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு அப்புறம்தான் போலீசுக்குத் தகவல் போகிறது. ஊருக்கு விஷயம் தெரிந்ததும் வெடிக்கிறது. போலீஸ் அதிகாரி காறித் துப்பாத குறையாகத் திட்டுகிறார், பூர்வகுடி மக்கள் கொதிக்கிறார்கள், ஸ்டூவர்ட்டின் மனைவி க்ளேர் (லாரா லின்னி) புருஷனை வேற்று மனிதனைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பிக்கிறாள்.

என் கேள்வி இதுதான். அந்தப் பெண் ஏற்கெனவே செத்துவிட்டாள். இவர்கள் கொல்லவில்லை, உடலை அவமானப்படுத்தும் நோக்கமும் இல்லை. காட்டுக்குள் போனுக்குச் சிக்னல் கிடையாது. உடலைக் கட்டி வைத்தது கூட ஒரு வகையில் உதவிதானே, இல்லாவிட்டால் ஆறு அடித்துக்கொண்டு போய் அந்தக் குடும்பத்துக்கு உடலே கிடைக்காமல் போயிருக்கும். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

இரண்டாவது, க்ளேர். கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிற்கிறாள், ஈமச் செலவுக்கு என்று ஊரில் காசு வசூல் பண்ணுகிறாள், விரட்டினாலும் மறுபடி போகிறாள். மகன் பிறந்த பிறகு மனம் உடைந்து குழந்தையை விட்டுவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டை விட்டுப் போனவள் அவள். அந்தப் பழைய குற்ற உணர்ச்சியை இங்கே கொண்டு வந்து கழுவுகிறாள் என்பது என் கட்சி. வீட்டம்மா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

மூன்றாவது, கொலைகாரன் யாரென்று முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள், கடைசி வரை பிடிபடவில்லை. அப்படியென்றால் எதற்குக் காட்ட வேண்டும்?


தூண்டில்காரன்:

நான் விக்டோரியாவில் இருக்கிறேன், அந்த மலைப் பக்கம் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிற ஆள். அங்கே ஓடைகளில் ட்ரவுட் சீசன் அக்டோபர் நீள வார விடுமுறையில் திறந்து ஜூன் நீள வார விடுமுறையோடு மூடிவிடும், அதனால் அந்த மூன்று நாலு நாள் பயணத்துக்காக வருஷம் முழுக்கக் காத்துக்கிடக்கிற மனநிலை எனக்கு நன்றாகப் புரியும். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் ஸ்டூவர்ட் பக்கம் பேசுவேன் என்று நினைப்பீர்கள்.

முதல் நாள் சாயங்காலத்துக்கு நான் அவர்களை மன்னித்துவிடுவேன். போய்ச் சேரவே நேரமாகிவிட்டது, பாறையும் பள்ளமுமான இடம், இருட்டில் திரும்பி நடப்பது முட்டாள்தனம், நடுவில் ஒருவன் காலை உடைத்துக்கொண்டால் இன்னொரு உடல் சேரும். பிணத்தைப் பார்த்த அதிர்ச்சியில் ஸ்டூவர்ட் போடுகிற சத்தம் இருக்கிறதே, அது நடிப்பு மாதிரியே இல்லை, தண்ணீரில் தடுமாறிக்கொண்டு போய் அவளைத் தொட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அலறுகிறான். அந்த மனுஷன் கெட்டவன் இல்லை. கட்டி நிறுத்தினது வரைக்கும் சரி.

கேள்வி மறுநாள் காலையைப் பற்றியது. உள்காட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த நாட்டில் முதலில் சொல்லிக்கொடுப்பது, நாலு பேருக்குக் குறைந்து போகாதே என்பது. எதற்கு நாலு? ஒருவனுக்கு அடிபட்டால் ஒருவன் அவனோடு இருக்க வேண்டும், மற்ற இரண்டு பேர் சேர்ந்து நடந்து போய் உதவி கொண்டு வர வேண்டும், தனி ஆளாக யாரும் நடக்கக் கூடாது. இவர்கள் சரியாக நாலு பேர். பில்லியை விஷப்பாம்பு கடித்திருந்தால் விடிவதற்கு முன்னே இரண்டு பேர் கிளம்பியிருப்பார்கள், யார் போவது என்று விவாதம்கூட நடந்திருக்காது. வழி தெரியும், ஆள் இருக்கிறது, பகல் முழுக்கக் கையில் இருக்கிறது. போகவில்லை. காரணம் மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது, வானம் வெளுத்து அழகாக இருந்தது, ஒரு வருஷக் காத்திருப்பு வீணாகப் போகிறதே என்ற எண்ணம். சிக்னல் இல்லை என்பதெல்லாம் பிறகு சொல்லிக்கொள்கிற சாக்கு.

அப்புறம் அந்த நரம்பு. கட்டினதே உதவிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நைலான் நரம்பு ஓடுகிற தண்ணீரில் இழுபட்டால் என்ன செய்யும் என்று தூண்டில் போடுகிற எல்லாருக்கும் தெரியும், பெரிய மீன் இழுக்கும்போது விரலில் சுற்றிக்கொண்டால் தோலை அறுத்துவிடும். கணுக்காலில் ஒரு ராத்திரி கட்டுவதே கஷ்டமான முடிவு, ஆனால் வேறு வழி இல்லை. அதற்குப் பக்கத்திலேயே அடுத்த நாள் பூரா இன்னொரு நரம்பில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்க எப்படி மனம் வரும்? அதே பெட்டியிலிருந்து எடுத்த நரம்பு. எனக்குப் படத்தில் நெஞ்சைப் பிடித்த இடம் அதுதான், ஊர்ச் சண்டை, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் அதற்குப் பிறகு.


பாப்கார்ன் பாண்டி:

படம் ரொம்ப மெதுவு அண்ணே. இரண்டு மணி நேரம் மலையும் மேகமும். கொலைகாரனை முதல் காட்சியிலேயே காட்டும்போது சரியான த்ரில்லர் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன், அவன் நடுவில் அங்கங்கே வண்டியில் வந்து போகிறான், க்ளேரை ரோட்டில் துரத்துகிற இடத்தில் உயிரே போனது, அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. என் காசைத் திருப்பிக் கொடுங்கள். விளக்கு எதுவும் போடாமல் இயற்கை வெளிச்சத்திலேயே எடுத்தார்கள் என்று எங்கேயோ படித்தேன், அது மட்டும் அருமை, ஆற்றங்கரைக் காலையில் குளிர் நம் மேலேயே அடிக்கிறது.


செவ்வந்தி:

கூகை சகோ, உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். அந்தப் பெண் பூர்வகுடி என்பதை நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு உங்கள் வாதத்தில் அதைச் சேர்க்கவே இல்லை.

இந்தக் கதை ரேமண்ட் கார்வர் என்ற அமெரிக்க எழுத்தாளருடைய சிறுகதை. ராபர்ட் ஆல்ட்மன் 1993-இல் எடுத்த ஷார்ட் கட்ஸ் படத்திலும் இது ஒரு கிளைக்கதையாக வரும். ஆஸ்திரேலியப் பாடகர் பால் கெல்லி இதே கதையை வைத்து முன்பே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார், இந்தப் படத்துக்கு இசையிலும் அவர் இருக்கிறார். மூலக்கதையில் இனம் என்ற பேச்சே இல்லை, ஒரு பெண், ஒரு புருஷன், அவர்களுக்கு நடுவில் ஒரு பிணம், அவ்வளவுதான். திரைக்கதை எழுதிய பியாட்ரிக்ஸ் கிறிஸ்டியன் அதை ஸ்னோயி மலைக்குக் கொண்டு வந்து, செத்த பெண்ணைப் பூர்வகுடியாக மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தில் வீட்டுக்குள் இருந்த சண்டை தெருவுக்கு வந்துவிட்டது. ஆற்றில் கிடந்தது வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் இப்படி விட்டிருப்பீர்களா என்ற கேள்வி வந்து விழுகிறது, அந்த நாலு பேரிடமும் பதில் இல்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்று அவர்களுக்கே தெரியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ராக்கோவின் துணைவி கார்மல் பூர்வகுடிப் பெண் (லியா பர்செல் நடித்தது). அவளோடு ஒரே வீட்டில் வாழ்கிறவனும் அந்த நாலு பேரில் ஒருவன், அவனுக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

படம் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997-இல் வெளியானது. அரசாங்கம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்போதைய பிரதமர் ஜான் ஹவர்ட் கடைசி வரை நாட்டின் சார்பில் மன்னிப்பு கேட்க மறுத்தார், இந்தத் தலைமுறை செய்யாத தப்புக்கு இந்தத் தலைமுறை ஏன் மன்னிப்பு கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நல்லிணக்கத்துக்காக நடந்து போனார்கள், அப்போதும் அவர் அசையவில்லை. கெவின் ரட் பிரதமராகி 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டார். இந்தப் படம் அந்த இடைவெளியில் வந்தது. நான் கொல்லவில்லையே, நான் எதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்ற ஸ்டூவர்ட்டின் முகத்தை 2006-இல் இந்த நாட்டில் பார்த்தவர்களுக்கு அது யார் குரல் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. (கார்ல் வேடத்தில் நடித்தவர் பெயரும் ஜான் ஹவர்ட்தான், வேறு ஆள், நடிகர். பெயர் வரிசையில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.)

கொலைகாரன் ஏன் பிடிபடவில்லை என்று கேட்டீர்கள். இதே மாநிலத்தில் பவ்ராவில் என்கிற ஊரில் 1990-91-இல் ஐந்து மாதத்துக்குள் மூன்று பூர்வகுடிப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். ஒரே தெரு. அதில் ஒன்று நாலு வயதுக் குழந்தை. குடும்பங்கள் புகார் கொடுத்தபோது, எங்கேயாவது சுற்றப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்ற தோரணையில்தான் போலீஸ் ஆரம்பத்தில் பேசியது. வழக்குகள் நடந்தன, இன்று வரை யாருக்கும் தண்டனை இல்லை. 2016-இல் மாநிலப் போலீஸ் கமிஷனர் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்பு கேட்டார். கால் நூற்றாண்டு கழித்து. இதெல்லாம் தெரிந்து படத்தைப் பார்த்தால், கொலைகாரன் பிடிபட்டு ஊர் நிம்மதியாகிற முடிவுதான் பொய்யாக இருந்திருக்கும். படத்தில் ஊர் முழுக்க இந்த நாலு பேர் பண்ணியது சரியா தப்பா என்று அடித்துக்கொள்கிறது, அதே நேரம் கொன்றவன் அதே ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு, அதே ஊரில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவனைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.


கூகை:

தூண்டில்காரன் அண்ணே, நாலு பேர் கணக்கு எனக்குத் தெரியாது, அது நல்ல வாதம், யோசிக்க வைத்துவிட்டது. மறுநாள் காலையைப் பொறுத்தவரை என்னிடம் பெரிய பதில் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் க்ளேர் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். செவ்வந்தி அக்கா சொன்ன அரசியலெல்லாம் சரி, மன்னிப்பு கேட்க வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அவள் கேட்கத்தானே போகிறாள்? வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஊரில் வாங்கிய காசைக் கொண்டு போய்க் கொடுத்தால் வேண்டாம் என்கிறார்கள். கேட்காவிட்டாலும் தப்பு, கேட்டாலும் தப்பு என்றால் ஒரு சாதாரண மனுஷி என்னதான் செய்வது? அந்தக் குடும்பத்தின் துக்கம் புரிகிறது, ஆனால் படம் யாரையும் ஒரு இடத்திலும் நிற்க விடவில்லை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு குத்து விழுகிறது. இது நேர்மையா, பார்க்கிறவனை வேண்டுமென்றே சங்கடப்படுத்துவதா?

இன்னொன்று. ஜூட் (கார்லின் மனைவி) சொந்த மகளைப் பறிகொடுத்தவள், பேத்தியை வளர்க்கிறாள். அவள் ஒரு தடவைகூட க்ளேர் மாதிரி குதிக்கவில்லை. துக்கம் என்றால் என்னவென்று தெரிந்தவள் அமைதியாக இருக்கிறாள், தெரியாதவள் ஊரைக் கூட்டுகிறாள். எனக்கு ஜூட்டைத்தான் பிடித்தது.


ஈரநிலம்:

கூகை, க்ளேர் தன் பழைய காயத்தைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறாள் என்று நீங்கள் சொல்வது தப்பில்லை, படமே அதை மறைக்கவில்லை. குழந்தை பிறந்ததும் மனம் தளர்ந்து ஓடிப்போனவள், இப்போது மறுபடி கர்ப்பம், புருஷனிடம் சொல்லவும் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு பிணத்தை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போன ஆளோடு படுத்து எழுந்திருக்கிறாள், அவன் அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அவளோடு சேர்ந்து படுக்கும்போது வாயே திறக்கவில்லை, காலையில்தான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள், அவளுக்கு அருவருப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆனால் அதோடு நிறுத்திவிட முடியுமா? சொந்தக் காயம் இருப்பதால் ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. ஊரிலேயே அவள் ஒருத்திதான் அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடு இருக்கும், அங்கே ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்து அங்கே போகிறாள். மற்ற எல்லாரும் இந்த நாலு பேருக்கு என்ன ஆகும் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவளிடம் காசு வாங்க மறுத்தது பற்றி. வாங்கியிருந்தால் கணக்கு தீர்ந்துவிடும், இல்லையா? இவ்வளவு கொடுத்தாயிற்று, அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், இனி ஊர் தூங்கலாம். அந்தக் குடும்பம் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. அது அவர்கள் உரிமை.

அமைதியாக இருக்கிறாள் என்று ஜூட்டைப் பாராட்டுகிறீர்கள். அந்த வீட்டில் வளர்கிற பேத்தியைக் கவனித்தீர்களா, கேலின் கலாண்ட்ரியா? அம்மாவைப் பற்றி யாரும் அவளிடம் ஒழுங்காகப் பேசாததால், சாவை அவளாகவே விளையாட்டில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டூவர்ட்டின் மகன் டாமை இழுத்துக்கொண்டு போய் அவள் பண்ணுகிற காரியங்கள் எனக்குக் கொலைகாரனைவிடப் பயம் காட்டின. ஏரிக்கு அடியில் இருப்பவற்றைப் பற்றிக் கதை கட்டுகிறாள் பாருங்கள், அது சும்மா குழந்தைக் கற்பனை இல்லை, அங்கே நிஜமாகவே ஒரு ஊர் கிடக்கிறது.

இதைத் தெரியாமல் பார்த்தால் படத்தின் பாதி கைக்கு வராது, கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். ஸ்னோயி மலை நீர்மின் திட்டம் 1949-இல் தொடங்கி 1974-இல் முடிந்தது. ஐரோப்பாவிலிருந்து போர் முடிந்து வந்த அகதிகள் உட்பட முப்பதுக்கு மேற்பட்ட நாட்டுக்காரர்கள், ஒரு லட்சம் பேருக்கு மேல், அதில் வேலை பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் அதைத் தேசப் பெருமையாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், பெருமைப்பட வேண்டிய வேலையும்தான். அதற்காக ஸ்னோயி ஆற்றை ஜிண்டபைனில் மறித்து அணை கட்டினார்கள். பழைய ஊரிலிருந்து ஜனங்களை மேட்டில் புதிதாகக் கட்டிய ஊருக்கு மாற்றினார்கள், 1967-இல் பழைய ஊர் தண்ணீருக்குள் போனது. அணைக்குக் கீழே அந்த ஆற்றில் பழைய ஓட்டத்தில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது, மீதித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக மேற்கே திருப்பப்பட்டது. பிற்பாடு போராட்டம் நடத்தி, மாநில அரசுகள் ஒப்பந்தம் போட்டு, 2002-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் திறந்துவிட ஆரம்பித்தார்கள்.

பழைய ஊர் முழுகியதைப் பற்றி அங்கே போகிற சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் பேசுவார்கள், தண்ணீர் வற்றினால் எது தெரியும் என்று கேட்பார்கள். அந்தப் பழைய ஊருக்கும் முன்னால் அது ஙாரிகோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம், அந்தப் பேச்சு அவ்வளவு சுலபமாக வராது. நம் தூண்டில்காரன் பிடிக்கிற ட்ரவுட் மீனும் அந்த மண்ணுக்குச் சொந்தமில்லை, இங்கிலாந்திலிருந்து முட்டையாகக் கப்பலில் ஏற்றி 1864-இல் டாஸ்மேனியாவுக்குக் கொண்டு வந்து பொரிக்க வைத்து, அங்கிருந்து பரப்பினது. அதற்காக நாலு பேரும் மீன் பிடித்ததே ஆக்கிரமிப்பு என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி யாராவது இழுத்தால் நானே சிரிப்பேன். இயக்குநர் வேறு எந்த ஊரிலும் இந்தக் கதையை எடுத்திருக்கலாம், ஆஸ்திரேலியாவில் ஆற்றுக்கா பஞ்சம்? இந்த ஊரைத் தேடிப் பிடித்து அதன் பெயரையே படத்துக்கும் வைத்திருக்கிறார்.


வேங்கைமரம்:

எல்லாரும் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், நான் கொஞ்சம் கீழே இறக்குகிறேன்.

சூசன் யார்? படம் முடிந்த பிறகு அவளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? முதல் காட்சியில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறாள், அதற்கப்புறம் அவள் ஒரு பிணம். ஸ்டூவர்ட்டின் பழைய கார் பந்தய வாழ்க்கை தெரியும், அவன் அம்மா மருமகளைப் படுத்துகிற பாடு தெரியும், க்ளேரின் பிரசவ கால மனநோய் தெரியும். செத்தவளுடைய வாழ்க்கை மட்டும் தெரியாது. ஒரு பூர்வகுடிப் பெண்ணைக் கொன்றுதான் இரண்டு வெள்ளைக்காரர்களின் தாம்பத்தியத்தை அலச வேண்டுமா? அந்த நாலு பேர் அவளைக் கரையில் கட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள், திரைக்கதையும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தது. லியா பர்செல் மாதிரி ஒரு நடிகையை வைத்துக்கொண்டு அவருக்குக் கொடுத்த காட்சிகள் எத்தனை? அவர் பிற்பாடு 2021-இல் தானே எழுதி, இயக்கி, நடித்து ஒரு படம் எடுத்தார், தி ட்ரோவர்ஸ் வைஃப், அதைப் பார்த்தால் இங்கே எவ்வளவு வீணாக்கியிருக்கிறார்கள் என்று புரியும். வார்விக் தார்ன்டன், ஐவன் சென் மாதிரி பூர்வகுடி இயக்குநர்கள் படங்களில் இதே பிளவுபட்ட ஊர்கள் வருகின்றன. தார்ன்டனின் ஸ்வீட் கன்ட்ரியில் (2017) ஒரு வெள்ளைக்காரனைத் தற்காப்புக்காகச் சுட்டுவிட்டு ஓடுகிற பூர்வகுடித் தொழிலாளியோடு நாமும் ஓடுகிறோம், துரத்துகிறவர்களின் மனச்சங்கடத்தைத் தடவிக்கொண்டு உட்காருவதில்லை.

கடைசியில் வருகிற புகைச் சடங்கு. யூகலிப்டஸ் இலைகளைப் போட்டுப் புகை எழுப்பி இறந்தவரை வழியனுப்புகிற சடங்கு அது. அழகாகத்தான் எடுத்திருக்கிறார்கள், கண் கலங்குகிறது. ஆனால் யாருக்காக? வெள்ளைக்கார ஜோடி மறுபடி சேருவதற்கு அந்தப் புகை பின்னணியாகிவிட்டது என்பது என் புகார்.


செவ்வந்தி:

வேங்கைமரம் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. சூசன் பற்றி எதுவும் தெரியாமல் போவது பெரிய குறை, கார்மலை வைத்தே இன்னும் ஒரு படம் எடுத்திருக்கலாம்.

சடங்குக் காட்சியை மட்டும் நீங்கள் சொல்கிற மாதிரி நான் பார்க்கவில்லை. ஸ்டூவர்ட் அங்கே போய் மன்னிப்பு கேட்கிறான், சூசனின் அப்பா அதை ஏற்றுக்கொண்டு கட்டிப்பிடிக்கவில்லை, வெறுப்பை முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். வழக்கமாக இந்த மாதிரிப் படங்களில் காயம்பட்டவர்கள் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுவார்கள், வந்தவர்கள் லேசான மனதோடு வீட்டுக்குப் போவார்கள். இங்கே அது நடக்கவில்லை. கொலைகாரனும் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறான் என்பதையும் மறக்காதீர்கள். ஊர் ஒன்று கூடிய இடத்தில் அவனும் ஊர்க்காரனாக வந்து நிற்கிறான், யாருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தக் காட்சியில் க்ளேரும் ஸ்டூவர்ட்டும் சேர்ந்தார்களா இல்லையா என்பதில் எனக்கு மனமே போகவில்லை, அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.


கூகை:

அக்கா, அப்படியானால் ஸ்டூவர்ட் போனதும் வீண்தானே? அப்பாவே ஏற்கவில்லை. நான் கேட்டதும் அதுதான், என்ன செய்தால் சரி?


தூண்டில்காரன்:

தம்பி, ஏற்றுக்கொண்டால்தான் போனது சரி என்று எந்தச் சாவு வீட்டில் இருக்கிறது? போக வேண்டும், பின்னால் நிற்க வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், கிளம்பி வர வேண்டும். ஸ்டூவர்ட் அதைச் செய்தான், ரொம்பத் தாமதமாக, மனைவி பிடித்துத் தள்ளின பிறகு. க்ளேர் அதையே முதலிலிருந்து செய்தாள், கூடவே கையில் காசுக் கவரும் இருந்தது. அந்தக் கவரை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பது வரை உங்களோடு வருகிறேன்.

பில்லியைப் பற்றி யாருமே பேசவில்லை. நாலு பேரில் சின்னவன், அவன்தான் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவன். கூட்டமாகப் போகும்போது மூத்தவன் சும்மா இருந்தால் இளையவன் எதிர்த்துப் பேச மாட்டான், எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான். விஷயம் முற்றியதும் அவன் தன் துணைவியையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டே போய்விடுகிறான். நாலு பேரில் போக முடிந்தது அவனுக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு அங்கே கடை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறது, அதே மக்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும்.


பாப்கார்ன் பாண்டி:

இவ்வளவு இருக்கிறதா இந்தப் படத்தில்! இன்னொரு தடவை பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. இதே இயக்குநர் வேறு ஏதாவது கொஞ்சம் வேகமாக எடுத்திருக்கிறாரா?


ஈரநிலம்:

2001-இல் வந்த லான்டானா பாருங்கள் பாண்டி. சிட்னியில் ஒரு பெண் காணாமல் போகிறாள், நாலைந்து தம்பதிகளின் கதை அதில் பின்னிக்கொள்கிறது, துப்பறியும் போலீஸ்காரனின் சொந்த வாழ்க்கையும் உட்பட. வேகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முடிச்சு இறுக்கமாக இருக்கும், என்ன நடந்தது என்று கடைசியில் தெளிவாகத் தெரிந்துவிடும், அதனால் உங்கள் காசு வீணாகாது. அவர் அதற்கு முன்னால் எடுத்தது 1985-இல் ப்ளிஸ், அது வேறு மாதிரிப் பைத்தியம், அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.